லப்டொப்புக்குள் எது, அலுமாரிக்குள் எது: எஸ்எஸ்டியும் ஹார்ட் டிஸ்க்கும்

பழைய லப்டொப் ஒன்றை ஒன் பண்ணியவுடன், விண்டோஸில் எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் என்ற நிரலில் 100 வீதம் என்று நிறம் கடுத்து நிற்கும். அதே இடத்தில் செக்கனுக்கு எவ்வளவு தரவு போய்வருகிறது என்று பார்த்தால் ஒரு மெகாபைட், இரண்டு மெகாபைட், சிலவேளை அதிலும் குறைவு. ஆனால் அது செக்கனுக்கு 100 மெகாபைட் அளவில் வாசிக்கக்கூடிய ஹார்ட் டிஸ்க். பழுதும் இல்லை. முழு மூச்சில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனாலும் குரோம் திறக்க ஒரு நிமிடம் எடுக்கிறது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று விளங்கிவிட்டால், லப்டொப்புக்கு எஸ்எஸ்டி (சுற்றும் தட்டுக்குப் பதில் சில்லுகளில் தரவைச் சேமிப்பது) போடுவதா, ஹார்ட் டிஸ்க் போதுமா என்ற கேள்வி முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

கொழும்பில் அந்தக் கேள்வி இன்னும் கேட்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்கும் வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய சின்னக் கடைகளுக்கும் புது லப்டொப் வாங்க வருபவர்கள் ஒரு பக்கம். வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்த லப்டொப்களைத் தேடி வருபவர்கள், உயர்தரம் (ஏஎல்) படிக்கும் தங்கைக்கு அண்ணனின் பழையதைத் திருத்திக் கொடுக்க வருபவர்கள் இன்னொரு பக்கம். 2022இல் ரூபாய் விழுந்து டொலர் 360 வரை போனபோது புதிது வாங்கும் எண்ணத்தையே கைவிட்ட வீடுகள் பல. இருப்பதை இழுத்துப் பிடித்து ஓட்டும் பழக்கம் அதற்குப் பிறகும் விட்டுப்போகவில்லை. அதனால் கடையில் இப்படியான பேச்சு அடிக்கடி காதில் விழும்:

"தம்பி, ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் வாங்கிற காசெல்லோ இது. பிறகு ஏன் 256 ஜிபி எஸ்எஸ்டி?"

"இடத்தைப் பாத்தா அது பெரிசுதான் அங்கிள். ஆனா நீங்க அதில வேலை செய்யோணுமே."

தம்பி சொல்வது சரி. ஆனால் அங்கிள் கேட்பதிலும் ஞாயம் இருக்கிறது, அதைத் தட்டிவிடக் கூடாது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லப்டொப்புக்குள் இருக்க வேண்டியது எஸ்எஸ்டி மட்டுமே, அதில் இனி விவாதம் தேவையில்லை. ஹார்ட் டிஸ்க்கும் வேண்டும், ஆனால் அது வீட்டில் இருக்க வேண்டிய பொருள். கையில் இருக்கிற காசை இந்த இரண்டுக்கும் எப்படிப் பங்கிடுவது என்பதைத்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

தட்டு சுற்றி வரும் வரை

ஹார்ட் டிஸ்க்குக்குள் இருப்பவை காந்தப் பூச்சுப் பூசிய வட்டத் தட்டுகள். அவற்றின் மேல், சில நனோமீற்றர் உயரத்தில், ஒரு கையின் நுனியில் இருக்கும் தலை தட்டைத் தொடாமல் மிதந்தபடி வாசிக்கும், எழுதும். 1956இல் ஐபிஎம் வெளியிட்ட முதலாவது ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குலத் தட்டுகள் 50 இருந்தன. அத்தனையும் சேர்ந்து 50 இலட்சம் எழுத்துகளைத்தான் சேமித்தன. இன்றைக்கு லப்டொப்புக்குள் போகும் 7 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரண்டரை அங்குல ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு டெராபைட் வரை அடங்குகிறது. அதற்குப் பின்னால் பெரிய விஞ்ஞானம் இருக்கிறது: தலை இவ்வளவு நுணுக்கமாக வாசிப்பதற்கு வழிதிறந்த மாபெரும் காந்தத்தடை விளைவைக் கண்டுபிடித்ததற்காக அல்பேர்ட் ஃபெர்ட்டுக்கும் பீட்டர் குருன்பெர்க்குக்கும் 2007இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இடத்தைச் சுருக்குவதில் இந்த இயந்திரம் எங்கேயோ போய்விட்டது. தட்டு சுற்றும் வேகம் மட்டும் அப்படி வளரவில்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். லப்டொப் ஹார்ட் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுகின்றன. செக்கனுக்கு 90 சுற்று, ஒரு சுற்றுக்கு 11 மில்லி செக்கன். வேண்டிய தரவு தலைக்குக் கீழே வந்து சேர, சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அது ஐந்தரை மில்லி செக்கன். அதற்கு முதல் கை சரியான தடத்துக்கு நகர வேண்டும், அதற்கு 12 மில்லி செக்கன் அளவில் போகும். ஆக, சிதறிக் கிடக்கும் தரவுத் துண்டு ஒன்றை எடுக்க 17, 18 மில்லி செக்கன். செக்கனுக்கு 60 துண்டுகூட வராது. துண்டு ஒன்று 4 கிலோபைட் என்று வைத்துக்கொண்டால் செக்கனுக்குக் கால் மெகாபைட்டும் தேறாது.

புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து மூட்டை சீனி கேட்டால் கோடவுனில் நிற்கும் பையன் ஒரே தள்ளுவண்டியில் கொண்டுவந்து இறக்கிவிடுவான். அதே பையனிடம் கால் கிலோ மிளகு, அரைக் கிலோ சீரகம், ஒரு பக்கற் தேயிலை என்று ஒவ்வொன்றாகக் கேட்டால், ஒவ்வொன்றுக்கும் கோடவுனுக்குப் போய்வர வேண்டும். நாள் முழுக்க ஓடி வியர்த்துப்போவான், சேர்ந்த சாமானோ ஒரு பைக்குள் அடங்கிவிடும். டாஸ்க் மனேஜர் காட்டும் 100 வீதம் அந்தப் பையனின் ஓட்டம். ஒரு மெகாபைட் என்பது அந்தப் பை.

விண்டோஸ் தொடங்கும்போது வேண்டுவதெல்லாம் இப்படிச் சில்லறைச் சாமான்தான். ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகள், தட்டு முழுக்கச் சிதறிக் கிடப்பவை. அந்த நேரம் பார்த்து வைரஸ் காவலன் ஒரு பக்கம் வாசிக்கத் தொடங்கும், அப்டேட் இன்னொரு பக்கம், பிரவுசரின் தற்காலிகக் கோப்புகள் வேறு. ஓடும் மென்பொருள்கள் தற்காலிகமாகத் தங்கும் நினைவகமான ரேம் 4 ஜிபி மட்டும் என்றால் நிலைமை இன்னும் மோசம். இடம் போதாமல் விண்டோஸ் ரேமில் இருப்பதைத் தூக்கி டிஸ்க்கில் வைத்துவிட்டுத் திரும்ப எடுக்கும், அதற்கும் அதே கைதான் ஓட வேண்டும். ஒரு பெரிய படத்தை வரிசையாக வாசிக்கும்போது மட்டும் ஹார்ட் டிஸ்க் தன் 100 மெகாபைட்டைக் காட்டும். படம் பார்க்கும்போது லப்டொப் நல்லாகத்தானே ஓடுகிறது என்று பலருக்குத் தோன்றுவது இதனால்தான்.

எஸ்எஸ்டியில் நகரும் பாகம் எதுவுமே இல்லை. மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கும் நுண்ணிய கலங்கள் அடுக்கடுக்காக இருக்கும், கட்டுப்படுத்தும் சில்லு ஒன்று எந்தக் கலத்தில் என்ன இருக்கிறது என்ற பட்டியலை வைத்திருக்கும். ஜப்பானின் தொஷிபாவில் வேலை செய்த புஜியோ மசுவோக்காவும் அவருடைய குழுவினரும் 1987இல் முன்வைத்த நாண்ட் ஃபிளாஷ் நினைவகமே இதன் அடிப்படை. கை நகரவும் வேண்டாம், தட்டு சுற்றவும் வேண்டாம், ஒரு துண்டுத் தரவு 0.1 மில்லி செக்கனில் வந்துவிடும். செக்கனுக்கு 60 எங்கே, 10,000 எங்கே! அலுவலகத்திலும் வகுப்பிலும் லப்டொப்பின் முன்னால் நாம் காத்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதி இந்தச் சில்லறை வாசிப்புகளில்தான் போகிறது என்பதால், எஸ்எஸ்டி மாற்றியவுடன் அதே பழைய மெஷின் புதிதுபோல் தெரிவது வெறும் பிரமை இல்லை.

இது ஒருகாலத்தில் பணக்காரர் பொருள். 2008 ஜனவரியில் அப்பிள் வெளியிட்ட முதலாவது மக்புக் எயார் 80 ஜிபி ஹார்ட் டிஸ்க்குடன் 1,799 டொலர். 64 ஜிபி எஸ்எஸ்டியும் கொஞ்சம் வேகமான செயலியும் சேர்ந்த மொடல் 3,098 டொலர். இடமும் குறைவு, விலையும் மிக அதிகம். அன்றைக்கு ஹார்ட் டிஸ்க் எடுத்தவரைக் குறை சொல்ல முடியாது. இன்றைக்கு எங்கள் ஊரிலும் புது லப்டொப் எஸ்எஸ்டியோடுதான் வருகிறது. கேள்வி மிஞ்சியிருப்பது பழைய லப்டொப்களிலும், 256 போதுமா 512 வேண்டுமா என்ற தடுமாற்றத்திலும்தான்.

கடையில் எதைக் கேட்பது

விளம்பரங்களில் பெரிதாகப் போடும் வேக எண்ணை அதிகம் பொருட்படுத்த வேண்டாம். சாட்டா என்ற பழைய வகை இணைப்பில் வரும் எஸ்எஸ்டி செக்கனுக்கு 550 மெகாபைட் அளவில் நின்றுவிடும். என்விஎம்ஈ வகை, அதாவது பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற வேகமான இணைப்பு வழியாகப் பேசுவது, மூன்றாம் தலைமுறையில் 3,500, நான்காம் தலைமுறையில் 7,000 என்று போகும். ஆறு மடங்கு, பன்னிரண்டு மடங்கு என்று கேட்கக் கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் அவை வரிசையாக வாசிக்கும் வேகங்கள், பத்து மூட்டை சீனி. நான் மேலே சொன்ன சில்லறை வாசிப்பில், ஒரு நேரத்தில் ஒரு துண்டு என்று போகும்போது, நல்ல சாட்டா எஸ்எஸ்டி 40 மெகாபைட் என்றால் நல்ல என்விஎம்ஈ 60, 70. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எந்த எஸ்எஸ்டிக்கும் போவது பெரிய பாய்ச்சல், ஒரு எஸ்எஸ்டியிலிருந்து இன்னொன்றுக்குப் போவது சின்ன அடி. பழைய லப்டொப்பில் சாட்டா மட்டும்தான் போகும் என்றால் மனம் சோர வேண்டியதில்லை. 4கே வீடியோ வெட்டுபவர்கள் வேறு, அவர்களுக்கு அந்த வரிசை வேகமும் உதவும்.

எது போகும் என்பதைக் கடைக்குப் போக முதலே பார்த்துவிடுவது நல்லது. லப்டொப்பின் மொடல் இலக்கத்தைத் தேடினால் உற்பத்தியாளரின் திருத்தக் கையேடு கிடைக்கும். பழையவற்றில் இரண்டரை அங்குலச் சாட்டா இடம் இருக்கும். அதில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதே அளவிலுள்ள எஸ்எஸ்டியைப் போட்டு நாலு ஸ்குருவை முடுக்கினால் வேலை முடிந்தது. கொஞ்சம் புதியவற்றில் எம்.2 என்ற நீளமான சின்ன இடம் இருக்கும். இங்கேதான் பலர் ஏமாறுவது. எம்.2 என்பது வடிவம் மட்டுமே. அதே வடிவத்தில் சாட்டாவும் வரும், என்விஎம்ஈயும் வரும். சில லப்டொப்களின் எம்.2 இடம் இரண்டில் ஒன்றை மட்டும் ஏற்கும். தங்க நிறத் தொடுமுனைகளில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒன்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் என்விஎம்ஈ. நீளமும் முக்கியம்: 2280 என்றால் 22 மில்லிமீற்றர் அகலம், 80 மில்லிமீற்றர் நீளம். 2242, 2230 என்று கட்டையானவையும் உண்டு. மிக மலிவான சில லப்டொப்களில் ஈஎம்எம்சி என்ற நினைவகம் போர்டிலேயே ஒட்டப்பட்டிருக்கும். 64 ஜிபி அளவில் வருவதை எஸ்எஸ்டி என்று சொல்லி விற்றால் நம்ப வேண்டாம். அது மெதுவானது, மாற்றவும் முடியாது.

அடுத்தது கலத்தின் வகை. ஒரு கலத்தில் மூன்று பிட் வைப்பது டிஎல்சி, நான்கு பிட் வைப்பது கியூஎல்சி. நான்கு பிட் என்றால் ஒரே கலத்தில் 16 வேறு வேறு மின்னேற்ற மட்டங்களைப் பிரித்தறிய வேண்டும், அதனால் எழுதுவது மெதுவாகும், தேய்வும் கூடும். இதை மறைக்க ஒரு பகுதியை வேகமான தற்காலிக இடமாக வைத்துக்கொள்வார்கள். அது நிரம்பும் வரை எல்லாம் பறக்கும். சாம்சங் 870 கியூவிஓ ஒரு டெராபைட்டை எடுத்துக்கொண்டால், காலியாக இருக்கும்போது 42 ஜிபி வரை வேகம் பிடிக்கும், அது தாண்டியதும் செக்கனுக்கு 80 மெகாபைட்டுக்கு இறங்கிவிடும். ஹார்ட் டிஸ்க்கின் எழுதும் வேகத்துக்கே வந்துவிடுகிறது. பாடக்குறிப்பு, எக்செல், ஸூம் வகுப்பு என்று பாவிக்கும் ஒருவர் 42 ஜிபியை ஒரே மூச்சில் எழுதப் போவதில்லை, அவருக்கு இது ஒரு குறையே இல்லை. கல்யாண வீடியோ எடுத்துவிட்டு வந்து 150 ஜிபியைக் கொட்டுபவருக்கு அது பெரிய தலையிடி. அவர் டிஎல்சி என்று உறுதியாகத் தெரிந்ததைத்தான் எடுக்க வேண்டும். பெட்டியில் எழுதியிருக்காவிட்டால் உற்பத்தியாளரின் தளத்தில் மொடல் பெயரைப் போட்டுப் பார்க்கலாம்.

எஸ்எஸ்டி எழுத எழுதத் தேயும் என்ற பயம் இன்னும் பலரிடம் இருக்கிறது. தேயும் என்பது உண்மை, அந்தப் பயம் மட்டும் தேவையில்லை. சாம்சங் 870 ஈவோ 500 ஜிபிக்கு நிறுவனம் உத்தரவாதம் கொடுக்கும் எழுத்தின் அளவு 300 டெராபைட். ஒருவர் தினமும் 20 ஜிபி எழுதினாலும் வருடத்துக்கு 7.3 டெராபைட்தான். 300ஐ எட்ட 41 வருடம் போகும். தினமும் 20 ஜிபி என்பதே சாதாரணப் பாவனைக்கு அதிகம். எஸ்எஸ்டிகள் பழுதாகாமல் இல்லை. ஆனால் வீட்டுப் பாவனையில் கலம் தேய்ந்து சாவதைவிட, கட்டுப்படுத்தும் சில்லோ அதன் மென்பொருளோ மக்கர் பண்ணிச் சாவதைத்தான் அதிகம் எதிர்பார்க்க வேண்டும். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

அளவு? விண்டோஸ், ஒஃபிஸ், அன்றாட வேலைக் கோப்புகள் என்றால் 256 ஜிபி போதும், ஆனால் மட்டுமட்டு. கணினி 256ஐ 238 என்றுதான் காட்டும், உற்பத்தியாளர் ஆயிரத்தால் பெருக்க விண்டோஸ் 1,024ஆல் பெருக்குவதால் வரும் வித்தியாசம் அது, யாரும் ஏமாற்றவில்லை. எஸ்எஸ்டியை மூக்கு முட்ட நிரப்பவும் கூடாது. காலியாக இடம் இருந்தால்தான் அது பழைய கலங்களைத் துடைத்துப் புதிதாக எழுத வசதி, ஐந்தில் ஒரு பங்கையாவது விட்டுவைக்க வேண்டும். கைக்கு எட்டுமானால் 500 அல்லது 512 ஜிபி. அதற்கு மேலே போடும் காசை நான் வெளி ஹார்ட் டிஸ்க்குக்குத்தான் கொடுப்பேன்.

ஒரு எச்சரிக்கை. ஒன்லைனில் 16 டெராபைட் வெளி எஸ்எஸ்டி என்று சில ஆயிரம் ரூபாய்க்கு விற்பனைக்குப் போடுகிறார்கள். அப்படியொரு விலைக்கு அப்படியொரு பொருள் உலகத்தில் இல்லை. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு சின்ன மெமரி கார்ட், கணினியிடம் 16 டெராபைட் என்று பொய் சொல்லும்படி மாற்றப்பட்டது. முதல் சில ஜிபி ஒழுங்காகப் பதியும், பிறகு எழுதுவதெல்லாம் பழையதின் மேலேயே விழும் அல்லது எங்கேயோ போய்விடும். படங்களை அதில் போட்டுவிட்டு போனிலிருந்து அழித்தவர்களின் நிலைமையை நினைத்தால் வயிறெரிகிறது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் முழு இடத்தையும் எழுதித் திருப்பி வாசித்து உண்மையான கொள்ளளவைச் சொல்லும். சந்தேகமான எதையும் பாவிக்க முதல் அதை ஓட்டிப் பாருங்கள்.

பஸ்ஸும் கரண்ட்டும்

கொழும்பில் லப்டொப் மேசையில் இருக்கும் பொருள் இல்லை. காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் தோளில் தொங்கும், கோட்டைக்குப் போகும் ரயிலில் கதவோரத்தில் நெரிபடும், வெள்ளவத்தையில் இரவு ஏறி விடியக் காலை யாழ்ப்பாணத்தில் இறங்கும். ஹார்ட் டிஸ்க்குக்கு இது நல்லதல்ல. நிற்கும்போது அது கொஞ்சம் அடி தாங்கும், ஓடும்போது தாங்குவது அதில் பாதிக்கும் குறைவு. இரண்டரை அங்குல ஹார்ட் டிஸ்க்குகளின் விவரக்குறிப்பில் ஓடாத நிலைக்கு புவியீர்ப்பைப் போல 1,000 மடங்கு, ஓடும் நிலைக்கு 400 மடங்கு அல்லது அதைவிடக் குறைவு என்றுதான் வழக்கமாக இருக்கும். பெரிய எண்கள் போலத் தெரியும். ஆனால் கடினமான தரையில் ஒரு சின்ன விழுகையே நூற்றுக்கணக்கான மடங்கு அதிர்ச்சியைத் தந்துவிடும். மூடியை மூடிவிட்டால் லப்டொப் தூங்கிவிடும் என்று நினைத்துப் பைக்குள் வைக்கிறோம். அது பைக்குள்ளேயே எழும்பி அப்டேட் இறக்கத் தொடங்கும் சந்தர்ப்பங்கள் உண்டு. அந்த நேரம் பஸ் பள்ளத்தில் விழுந்தால், நனோமீற்றர் உயரத்தில் மிதக்கும் தலைக்கு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஹார்ட் டிஸ்க் லப்டொப் இன்னும் பாவிப்பவர்கள் பயணத்துக்கு முதல் முழுதாக ஷட் டவுன் செய்வது ஒரு கட்டாயம். எஸ்எஸ்டிக்கு இந்தக் கவலை இல்லை.

கரண்ட் விஷயத்தில் கதை கொஞ்சம் வேறு. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறால் நாடு முழுக்க மின்சாரம் நின்றது. லப்டொப்புக்குத்தான் பற்றரி இருக்கிறதே என்று கேட்கலாம். பழைய லப்டொப்களில் பற்றரி செத்துப்போய், சார்ஜரிலேயே ஓடுபவை எத்தனை? அவற்றில் கரண்ட் போவது என்றால் பிளக்கை இழுத்துவிட்டது போலத்தான்.

அந்த நொடியில் ஹார்ட் டிஸ்க் ஒரு கெட்டித்தனம் செய்யும். சுற்றிக்கொண்டிருக்கும் தட்டின் மிச்ச வேகமே மோட்டாரை ஒரு சின்ன ஜெனரேட்டர் ஆக்கிவிடும், அதில் வரும் மின்சாரத்தைக் கொண்டு கை தன்னைத் தானே ஓரமாக இழுத்து நிறுத்திக்கொள்ளும். நான் பார்த்த இயந்திர நுட்பங்களில் எனக்கு மிகவும் பிடித்தவற்றில் ஒன்று இது. எஸ்எஸ்டிக்கு அப்படிச் சுற்றும் தட்டு இல்லை. எந்தக் கலத்தில் என்ன இருக்கிறது என்ற பட்டியலை அது எழுதிக்கொண்டிருக்கும் தறுவாயில் கரண்ட் போனால், பட்டியல் குழம்பலாம். நிறுவனங்களின் சேவர் கணினிகளுக்கான விலை கூடிய எஸ்எஸ்டிகளில் அந்தச் சில மில்லி செக்கனைத் தாங்க மின்தேக்கிகள் வைத்திருப்பார்கள். வீட்டுப் பாவனைக்கு வருபவற்றில் பெரும்பாலும் அவை இருக்காது. நல்ல எஸ்எஸ்டிகள் பெரும்பாலும் சமாளித்து எழும்பிவிடும், ஆனால் ஒரு நாள் எழும்பாமல் விடவும் கூடும். ஆகவே பழைய லப்டொப்புக்கு எஸ்எஸ்டி போடுபவர் பற்றரியையும் பார்க்க வேண்டும். அது பத்து நிமிடம் தாங்கினாலே போதும்.

ஹார்ட் டிஸ்க் சாகும்போது பெரும்பாலும் அறிகுறி காட்டும். டிக் டிக் என்று சத்தம் வரும், கோப்பு திறக்க நேரம் எடுக்கும், சில படங்கள் பாதியோடு நிற்கும். அந்த நேரத்தில் விழிப்பாக இருந்தால் முக்கால்வாசியைக் காப்பாற்றலாம். எஸ்எஸ்டி காலையில் வேலை செய்யும், மத்தியானம், கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் பயாஸில் அதன் பெயரே வராது. அழித்த கோப்பையும் அதில் மீட்பது கடினம். அழித்த இடத்தை விண்டோஸ் டிரிம் கட்டளை மூலம் அறிவித்துவிடும், எஸ்எஸ்டி தன்பாட்டில் அதைத் துடைத்துவிடும். வேகத்துக்காக நாம் கொடுக்கும் உண்மையான விலை இதுதான் என்று நான் நினைக்கிறேன். அது காசு இல்லை, முன்னறிவிப்பு.

அலுமாரிக்குள் இருக்க வேண்டியது

இந்த இடத்தில்தான் அங்கிளின் ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் வருகிறது. விலையின் போக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும். ஹார்ட் டிஸ்க் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் மோட்டார், தட்டு, தலை, அலுமினியப் பெட்டி எல்லாம் வேண்டும். அதனால் ஒரு மட்டத்துக்குக் கீழே அதன் விலை இறங்காது. எஸ்எஸ்டியில் விலையின் பெரும்பகுதி நினைவகச் சில்லுக்கே போகிறது, இடம் இரட்டித்தால் விலையும் அதோடு ஏறும். சின்ன அளவுகளில் ஹார்ட் டிஸ்க் வாங்கி மிச்சம் பிடிக்க எதுவும் இல்லை. நாலு, ஐந்து டெராபைட் என்று போகும்போது ஹார்ட் டிஸ்க்கை எதுவும் நெருங்க முடியாது. 2025இன் கடைசிப் பகுதியில் ஏஐ தரவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளத் தொடங்கியதில் எஸ்எஸ்டி விலையும் ரேம் விலையும் ஏறியபோது இது இன்னும் உறைத்தது.

எங்கள் வீடுகளில் சேர்த்து வைக்க இருப்பது குறைவில்லை. கல்யாண வீடியோ, சாமத்திய வீடு, ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் அக்கா, அண்ணாமார் அனுப்பும் பிள்ளைகளின் படங்கள். எல்லாவற்றையும்விட, பழைய அல்பங்களிலிருந்து ஸ்கேன் செய்து வைத்தவை. 83 கலவரத்திலும் அதற்குப் பிறகு வந்த இடப்பெயர்வுகளிலும் அல்பமே இல்லாமல் போன குடும்பங்கள் எத்தனையோ. யாரோ ஒரு சித்தியின் பெட்டிக்குள் தப்பிக் கிடந்த ஒரே ஒரு படத்தை ஸ்கேன் செய்து வைத்திருப்பவருக்கு அந்த ஜேபெக் கோப்பின் பெறுமதி எந்த லப்டொப்பின் விலையிலும் இல்லை. அப்படியான ஒன்று லப்டொப்புக்குள் மட்டும் இருக்கவே கூடாது, அது எஸ்எஸ்டியாக இருந்தாலும் சரி, ஹார்ட் டிஸ்க்காக இருந்தாலும் சரி. கூகுளில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி, அதையும் ஜிமெயிலோடு பங்கு போட வேண்டும். அதற்கு மேலே மாதாமாதம் காசு. வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு முறை கொடுத்தால் போதும்.

எஸ்எஸ்டியையே வெளியில் வைத்துச் சேமிக்கலாமே என்றால், நீண்ட காலத்துக்கு வேண்டாம். கலத்தில் இருப்பது மின்னேற்றம், அது மெல்ல மெல்லக் கசியும். வீட்டுப் பாவனை எஸ்எஸ்டிகளுக்கு, நினைவகத் தரநிலைகளை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரநிலை கேட்பது இவ்வளவுதான்: அதன் எழுத்து ஆயுள் முழுதும் தீர்ந்த நிலையில், கரண்ட் இல்லாமல், 30 பாகை செல்சியஸில் ஒரு வருடம் தரவு நிற்க வேண்டும். அதிகம் எழுதாத புதிய எஸ்எஸ்டி இதைவிட எவ்வளவோ காலம் தாங்கும். ஆனால் 30 பாகை என்பது கொழும்பில் ஃபேன் ஓடும் ஒரு சாதாரண அறை. பின்னேர வெயில் படும் சுவரோடு ஒட்டிய அலுமாரி அதைத் தாண்டிவிடும். வெக்கை கூடக் கூடக் கசிவும் கூடும். காந்தப் பூச்சில் எழுதியது அப்படிக் கசிவதில்லை. ஹார்ட் டிஸ்க்கைச் சிலிக்கா ஜெல் பக்கற் போட்ட டப்பாவில் வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து ஓடவிட்டு, புதிய படங்களைச் சேர்த்துவிட்டு வைத்தால் போதும். கடற்காற்றில் யூஎஸ்பி முனை கறுக்கும், அதையும் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

இன்றைய இரண்டரை அங்குல ஹார்ட் டிஸ்க்குகளில் பல, இடத்தைக் கூட்டுவதற்காகத் தடங்களை ஒன்றன் மேல் ஒன்று சற்று ஏறும்படி எழுதுகின்றன. ஒரு தடத்தைத் திருத்தப் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டியிருக்கும். விண்டோஸை அதில் போட்டால் தாங்க முடியாத மெத்தனம், படங்களை ஒருமுறை எழுதி வைத்துவிடும் வேலைக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. அதன் குணமே அதற்குரிய இடத்தைச் சொல்லிவிடுகிறது.

ஒரே ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் மட்டும் இருந்தால் அதுவும் காப்பு இல்லை. லப்டொப்பில் ஒன்று, வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வேறு ஒரு வீட்டில் ஒன்று. 2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவைப் பக்கம் வீடுகள் மூழ்கியபோது லப்டொப்பும் காப்பும் ஒரே அலுமாரியில் இருந்தவருக்கு இரண்டும் சேர்ந்தே போயிருக்கும். கொட்டாஞ்சேனையில் இருக்கும் மாமா வீட்டில் ஒரு பிரதியை வைப்பதற்குச் செலவு எதுவும் இல்லை, மறக்காமல் வருடத்துக்கு இரண்டு தடவை மாற்றினால் சரி.

இனி அந்தப் பழைய லப்டொப்பின் கதைக்கு வருவோம். காசு குறைவு என்றால் முதல் எஸ்எஸ்டி, அடுத்தது ரேமை 8 ஜிபி ஆக்குவது. விண்டோஸ் 10க்கான மைக்ரோசொஃப்டின் இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய செயலி என்றால், எஸ்எஸ்டி போடும் அதே நாளில், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம், படிக்கிற பிள்ளையின் பிரவுசருக்கும் ஆவண வேலைகளுக்கும் அது நன்றாகவே போதும். பழைய விண்டோஸை அப்படியே நகல் எடுப்பதைவிடப் புதிதாக நிறுவுவதையே நான் சொல்வேன், வருடக்கணக்கில் சேர்ந்த குப்பையும் கழியும். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லொக்கர் போட்டிருந்தால் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொண்டு பிறகு கையை வையுங்கள்.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கைக் கடையிலேயே விட்டுவிட்டு வர வேண்டாம். ஒரு யூஎஸ்பி கேசிங் வாங்கி அதில் போட்டு, கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பாருங்கள். மாற்றி ஒதுக்கப்பட்ட பகுதிகள், நிலுவையில் உள்ள பகுதிகள் என்ற இரண்டு வரியும் பூச்சியமாக இருந்தால் இரண்டாவது காப்பாகப் பாவிக்கலாம். எண் ஏறியிருந்தால் அதில் உள்ளதை வேறிடத்துக்கு எடுத்துவிட்டு ஒதுக்கிவிடுங்கள். பாவித்த லப்டொப் வாங்கும்போதும் பணம் கொடுக்க முதல் இதே சோதனையைச் செய்ய வேண்டும், எத்தனை மணித்தியாலம் ஓடியிருக்கிறது என்பதையும் அது காட்டும். விற்கிறவர் மறுத்தால் அந்த இடத்தை விட்டு வந்துவிடலாம்.

ஹார்ட் டிஸ்க்கை விற்பதாக இருந்தால் குவிக் ஃபோர்மட் போதாது. அடையாள அட்டைப் படமும் வங்கி ஸ்டேட்மென்ட்டும் அதற்குள்ளேயே கிடக்கும், இலவச மென்பொருள் ஒன்றே அவற்றை எடுத்துத் தந்துவிடும். விண்டோஸோடு வரும் டிஸ்க்பார்ட் என்ற கருவியில் சரியான டிஸ்க் இலக்கத்தை இரண்டு தடவை பார்த்துத் தெரிவுசெய்து, கிளீன் ஓல் என்ற கட்டளையைக் கொடுத்தால் முழுத் தட்டிலும் பூச்சியம் எழுதும். ஒரு டெராபைட்டுக்கு மூன்று மணித்தியாலம் அளவில் எடுக்கும். எஸ்எஸ்டியை விற்பவர் இதைச் செய்யாமல் உற்பத்தியாளரின் மென்பொருளில் உள்ள செக்கியூர் இரேஸைப் பாவிக்க வேண்டும், அது ஒரு சில நிமிடத்தில் முடிந்துவிடும்.